இருமுறை உறைந்த தயிர்

வீட்டில் உறை தீர்ந்துபோயிருந்தது. முதல் நாள் ராத்திரி கடைசி உறையை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருந்தது. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்து, வாடை மாறியதும் தொட்டியில் கொட்டியாயிற்று. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்ஸன் ஹைட்ஸில், அக்கா மகளின் இரண்டு அறை வீடு அது. அக்டோபர் கடைசி வாரம். வெளியே எட்டு டிகிரி. கட்டடத்து ஹீட்டர் இன்னும் அரை மனதாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிவந்துவிடலாம். இங்கே இடப்பக்கம் ஈக்வடார்க் குடும்பம், வலப்பக்கம் திபெத்தியர்கள். திபெத்தியர் வீட்டில் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்று பிறகுதான் தோன்றியது. அவர்களும் தயிர்க்காரர்கள்தானே.

"விடுங்க மாமா, நாளைக்கு 74-வது தெருவுல டப்பாத் தயிர் வாங்கிக்கலாம். இன்னிக்கு ராத்திரி வெளியே போய் ஃப்ரோஸன் யோகர்ட் சாப்பிடலாம்" என்றாள்.

"அப்படின்னா?"

"உறைஞ்ச தயிர்."

"தயிர்னாலே உறைஞ்சதுதானேம்மா. உறையாததைத்தான் மத்தியானம் கொட்டினோம்."

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. தமிழில் பால் தயிராவதும் உறைதல், தண்ணீர் பனிக்கட்டியாவதும் உறைதல், இதையெல்லாம் தொடங்கிவைக்கும் அந்த ஒரு கரண்டி மோரும் உறை. யோகர்ட் என்ற துருக்கிச் சொல்லும் பிசைதல், கெட்டியாதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்ததுதான். கிருமியால் ஒருமுறை உறைந்ததைக் குளிரால் மறுமுறை உறையவைத்து, எட்டு டிகிரிக் குளிரில் ஜனங்கள் வரிசையில் நின்று தின்கிறார்கள் என்றால், தயிர்சாதத்தில் வளர்ந்த ஒருவன் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

இ ரயிலில் ஏறி, லெக்ஸிங்டன் அவென்யூவில் 6-க்கு மாறி, ஆஸ்டர் பிளேஸில் இறங்கினோம். நிலையத்தைவிட்டு மேலே வந்ததும் ஒற்றை முனையில் நிற்கும் கறுப்பு இரும்புக் கனசதுரம் ஒன்று. டோனி ரோஸன்தால் என்ற சிற்பி 1967-ல் வைத்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளினால் சுழலும். கல்லூரிப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் வழியாகக் கிழக்கே நடந்தால் ஈஸ்ட் வில்லேஜ். ஜப்பானியக் குடிக்கடை, கொரிய வறுகோழி, தைவான் தேநீர், பச்சை குத்துமிடம், பழைய துணிக்கடை என்று நடைபாதையில் ஆள்மேல் ஆள் உரசும் தெரு. ரங்கநாதன் தெருவில் நடந்து பழகிய தோள்களுக்கு இது சிரமமே இல்லை.

இரண்டாம் அவென்யூ வந்ததும் எனக்கு நடை தாமதப்பட்டது. இந்த வட்டாரத்தில் முதலில் ஜெர்மானியர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் காலத்தில் 1884-ல் திறந்த ஆட்டன்டார்ஃபர் நூலகம் செங்கல் சிவப்பில் இன்றும் நிற்கிறது. பிறகு யூதர்கள். இத்திஷ் மொழி நாடகக் கொட்டகைகள் வரிசையாக நின்ற வீதி இது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உக்ரைனியர்கள் பெருகினார்கள். ஒன்பதாவது தெரு மூலையில் அவர்கள் 1954-ல் தொடங்கிய வெஸெல்கா உணவகம் இன்றும் கூட்டமாக இருக்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் பீட்ரூட் சூப்பின் மேல் ஒரு கரண்டி புளித்த பாலேடு மிதக்கிறது. யூதர்கள், உக்ரைனியர்கள், ஆறாவது தெருவில் இந்தியச் சாப்பாடு என்ற பலகையோடு கடை போட்ட வங்காளதேசத்தவர்கள் என எல்லாருமே புளிக்கவைத்த பாலைக் கொண்டாடுகிறவர்கள். தயிர்க்கடை போட இதைவிடப் பொருத்தமான தெரு அமையாது. ஃப்ரோஸன் யோகர்ட்டை இங்கே ஃப்ரோயோ என்று சுருக்கிவிடுகிறார்கள். விருப்பப்படி நாமே பிடித்துக்கொள்ளும் ஃப்ரோயோ கடைகளை நடத்தும் 'சிக்ஸ்டீன் ஹேண்டில்ஸ்' நிறுவனம் 2008-ல் தன் முதல் கடையைத் திறந்தது இந்த இரண்டாம் அவென்யூவில்தான். பெயருக்குப் 'பதினாறு கைப்பிடிகள்' என்று பொருள்.

நாங்கள் நுழைந்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். நான் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.

மணி ஒன்பதரை. உள்ளே வெள்ளை ஓடு, இளம்பச்சைச் சுவர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு. வாசலிலேயே காகிதக் கிண்ணங்களை அடுக்கியிருந்தார்கள். 'சின்னது' என்ற பெயரில் ஒன்று இருந்தது. அதில் நாலு பேருக்கு ரசம் ஊற்றலாம். ஒருபக்கச் சுவர் முழுக்கக் கைப்பிடிகள், மூன்று மூன்றாக. இடப்புறம் ஒரு சுவை, வலப்புறம் ஒரு சுவை, நடுவிலுள்ளதை இழுத்தால் இரண்டும் பின்னலாக முறுக்கிக்கொண்டு இறங்கும். பரிமாற ஆள் கிடையாது. நாமே பிடிக்க வேண்டும், நாமே மேலே தூவ வேண்டும், கடைசியில் தராசில் வைக்க வேண்டும். ஏறக்குறையத் துலாபாரம். காணிக்கை யாருக்கு என்பதில்தான் வித்தியாசம்.

சுவருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தை எட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றாள் அக்கா மகள். ஆனாலும் உள்ளே வேலை நடக்கும் விதம் இதுதான். ஒவ்வொரு சுவைக்கும் ஓர் எவர்சில்வர் உருளை. அதன் வெளிச்சுவரைச் சுற்றிக் குளிரூட்டி ஓடுகிறது. உள்ளே விடும் கலவை சுவரில் பட்டவுடன் பனியாகப் படியும். படியப் படியச் சுழலும் தகடுகள் அதைச் சுரண்டி நடுவே தள்ளுகின்றன. திரட்டுப்பால் கிண்டுகிறவர் வாணலி ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பாரே, அதே வேலைதான், நெருப்புக்குப் பதில் குளிர். சுரண்டுவது நிற்காததால் பனித்துகள்கள் பெரிதாக வளர நேரமில்லாமல் நாக்குக்குத் தெரியாத பொடியாகவே இருந்துவிடுகின்றன. கூடவே காற்றும் கலந்து கலவை பொங்குகிறது. மைனஸ் ஆறேழு டிகிரியில், குழைந்த பதத்தில் கிண்ணத்தில் விழுகிறது.

இதில் சர்க்கரைக்கு ஓர் உத்தியோகம் இருக்கிறது. வீட்டுத் தயிரைக் கிண்ணத்தோடு ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மறுநாள் அது கல். கரண்டி வளையும். தண்ணீரில் கரைந்த சர்க்கரை உறைநிலையைக் கீழே இறக்கிவிடுவதால் ஒரு பங்கு தண்ணீர் உறையாமல் நின்று கலவையை இளக்கிவைக்கிறது. குளிரில் நாக்கு மரத்து இனிப்பும் மந்தமாகத் தெரியும் என்பதால் இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள். கொழுப்பில்லாதது என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பலாம். சர்க்கரை இல்லாதது என்று பெரும்பாலான கடைகள் எழுதுவதில்லை, கவனித்துப் பாருங்கள். தண்ணீர் பிரியாமல் பிடித்துவைக்கப் பல கலவைகளில் குவார் பிசின் சேர்க்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. உலகத்துக் குவாரில் பெரும்பங்கு இந்தியாவில், அதுவும் ராஜஸ்தானில் விளைகிறது. தயிரையும் கொத்தவரையையும் ஒரே கிண்ணத்தில் சேர்க்க என் அம்மாவுக்குக்கூடத் தோன்றியதில்லை.

கைப்பிடிகளுக்கு மேலே சுவைகளின் பெயர்கள். உப்புக் காரமெல், கேக் மாவு, மாம்பழம், டாரோ என்ற நம் சேப்பங்கிழங்கு, பருவத்துக்கேற்ற பூசணி, குக்கீஸ். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் புளிப்பு என்று சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று, சுவரின் கடைக்கோடியில்.

"தயிர் மாதிரி வேணும்னா அந்த மூலைக்குப் போங்க மாமா. இதெல்லாம் ஐஸ்கிரீம் மாதிரி."

சுவைபார்க்கும் குட்டிக் கிண்ணத்தில் மூலைத் தயிரைப் பிடித்து நாக்கில் வைத்தேன். முதலில் குளிர், பிறகு சர்க்கரை, எல்லாம் கரைந்தபின் தொண்டைக்குள் இறங்கும்போது மெலிதாக ஒரு புளிப்பு. நமக்குப் புளிப்பை அளக்கத் தெரிந்த அளவை மணிக்கணக்குதான். காலைத் தயிர் இனிக்கும், மாலையில் காட்டும், மறுநாள் மோர்க்குழம்புக்கு ஆகும். அந்தக் கணக்கில் இது ராத்திரி உறை ஊற்றி மறுநாள் பதினொரு மணிக்குச் சாப்பிடும் தயிர். அதற்குமேல் புளிக்காது. பதினொரு மணியிலேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டில் ஒன்று என்று புளிப்பு மூலைக்குப் போனது நேற்றைக்கல்ல. அந்த வேலையும் இதே நகரத்தில்தான் தொடங்கியது.

1919-ல் பார்சிலோனாவில் ஐசக் கராஸோ என்பவர் தயிர் செய்து மருந்துக்கடைகளில் விற்கத் தொடங்கினார். வயிற்றுக்கு நல்லது என்பதுதான் அன்றைய விளம்பரம். லாக்டிக் அமிலக் கிருமிகள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகாஃப் எழுதிவைத்ததன் செல்வாக்கு அப்போது ஐரோப்பாவெங்கும் இருந்தது. ஐசக்கின் மகன் டேனியல் போர்க்காலத்தில் நியூயார்க் வந்து, 1942-ல் பிராங்ஸ் பகுதியில் டேனன் என்ற பெயரில் தயிர் போட்டார். புலம்பெயர்ந்தவர்கள் வாங்கினார்கள். அமெரிக்கர்கள் முகம் சுளித்தார்கள். 1947-ல் டப்பாவின் அடியில் ஸ்ட்ராபெரிப் பழப்பாகை வைத்தார்கள், விற்பனை ஓடத் தொடங்கியது. அமெரிக்கத் தயிரின் பிற்கால வரலாறு முழுக்க அந்தப் பழப்பாகின் கதைதான் என்பது என் எண்ணம்.

1970-களில் எச்.பி. ஹுட் என்ற மாசசூசெட்ஸ் பால் நிறுவனம் 'ஃப்ரோகர்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தயிர் போலவே புளித்ததால் பலருக்குப் பிடிக்கவில்லை. மன்ஹாட்டனின் ப்ளூமிங்டேல்ஸ் அங்காடிக்குள் 1975-ல் வந்த 'ஃபார்ட்டி கேரட்ஸ்' மட்டும் அந்தப் புளிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னும் விற்கிறது. மற்றவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். 1981-ல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் ஃப்ராங்க் ஹிக்கிங்பாதம் ஆரம்பித்த கடையின் பெயரைக் கேளுங்கள்: 'இது தயிராக இருக்கவே முடியாது.' அதுதான் புகழுரை! ஏற்கெனவே 'இது தயிர் என்று என்னால் நம்பமுடியவில்லை' என்ற பெயரில் கடை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். தயிரைத் தயிரில்லை என்று சொல்லும் உரிமைக்காக இரண்டு தயிர்க் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போன அதிசயம் வேறெங்கும் நடந்திருக்காது. கடைசியில் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான டிசிபிஒய் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, விரிவை 'நாட்டின் சிறந்த தயிர்' என்று மாற்றினார்கள். ஆர்கன்சாவிலேயே உயரமான நாற்பது மாடிக் கட்டடம் ஒரு காலத்தில் இந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கி நின்றது. புளிப்பைக் கழற்றிய தயிர் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு அதுவே அளவு.

கொழுப்பில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. 1993 நவம்பரில் 'ஸைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடர் அந்த நம்பிக்கையைக் கேலிசெய்தது. இந்நகரத்துக் கடையொன்றில் கொழுப்பில்லாத் தயிரைத் தின்றுதின்று எல்லாருக்கும் எடை கூடுகிறது. சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்தால் கொழுப்பு இருக்கிறது. விவகாரம் மேயர் தேர்தல் வரை போகிறது. நிஜத் தேர்தலில் இரண்டு நாள் முன்புதான் ஜெயித்திருந்த ரூடி ஜூலியானியே அதில் தலைகாட்டினார். அடுத்த சில வருடங்களில் கொழுப்பு குறைத்த ஐஸ்கிரீம் வந்தது, மாவுச்சத்தைக் கண்டு பயப்படும் காலமும் வந்தது, தயிர்க்கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

புளிப்பு திரும்பி வந்தது கிழக்கிலிருந்து. 2002-ல் தென்கொரியாவில் ரெட் மேங்கோ கடைகள் புளித்த ஃப்ரோயோவை, புளிப்பு என்று சொல்லியே விற்றன. 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட்டில், குடியிருப்புகள் நடுவே ஒரு சின்னஞ்சிறு கடையை ஷெல்லி ஹுவாங், யங் லீ என்ற இரு கொரியர்கள் திறந்தார்கள். பெயர் பிங்க்பெரி. இரண்டே சுவைகள், ஒன்று சும்மா புளிப்பு, மற்றது பச்சைத் தேயிலை. மேலே வெட்டிய பழம். தெருவைச் சுற்றிக்கொண்டு வரிசை நின்றது. வாடிக்கையாளர்களின் கார்களுக்கு அபராதச் சீட்டுகள் குவிந்தன, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். மறுவருடமே நியூயார்க்கின் 32-வது தெருவில், கொரியர்கள் நிறைந்த வீதியில், ஒரு கிளை. 2007-ல் ஸ்டார்பக்ஸை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸின் முதலீட்டு நிறுவனம் முன்னின்று 2.75 கோடி டாலர் திரட்டித் தந்தது.

பணம் வந்தால் வழக்கு வராதா? கடையிலேயே கலந்து செய்வதை ஃப்ரோஸன் யோகர்ட் என்று சொல்லக் கலிஃபோர்னியச் சட்டம் இடம்தராது, சொன்ன அளவுக்கு உயிருள்ள கிருமியும் அதில் இல்லை என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2008-ல் தொண்டு அமைப்புகளுக்கு 7,50,000 டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனது. ஃப்ரோஸன் யோகர்ட் என்றால் இன்னது என்று அமெரிக்க மத்திய அரசின் உணவு நிர்வாகம் தனி இலக்கணம் வகுக்கவில்லை. யோகர்ட் தயாரிப்பாளர் சங்கம் கொண்டுவந்த முத்திரை ஒன்று உண்டு. சாதாரணத் தயிர் என்றால் செய்யும்போது கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள கிருமி வேண்டும். உறையவைத்தது என்றால் ஒரு கோடி போதும். இரண்டாவது உறைதலுக்குத் தரப்படும் சலுகை அது.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டே கைப்பிடியை இழுத்ததில் என் கிண்ணம் விளிம்பைத் தொட்டுவிட்டது. அவள் டாரோவும் மாம்பழமும் பின்னிப் பிடித்து, மேலே மோச்சி அரிசிக் கட்டிகள், கடித்தால் வெடிக்கும் லிச்சிக் குண்டுகள், பொடித்த ஓரியோ என்று ஒரு கொலு வைத்தாள். எனக்குப் பின்னால் நின்ற பையன் தயிரே தெரியாதபடி ஜெல்லிக் கரடிகளை அடுக்கினான். புளிப்பை மீட்டுக் கொண்டுவந்த கொரியர்களின் வெற்றியை அவரவர் கையாலேயே மூடிக்கொள்ளும் வசதி இது. 1947-ல் அடியில் இருந்த பழப்பாகு இப்போது மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தராசில் வைத்தேன். பதினாலு அவுன்ஸ் சொச்சம், நம் கணக்கில் நானூறு கிராம். வரியோடு பன்னிரண்டு டாலருக்கு மேல்.

"வெறும் தயிருக்கா?" என்றேன் தமிழில். கல்லாவில் இருந்த பெண் புன்னகைத்தாள். பாஷை புரியாவிட்டாலும் முகம் புரிந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐஸ்கிரீமை அளவில் விற்பவனுக்குக் காற்றும் காசு. எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு லாபம். எடைக்கு விற்பவனுக்குக் காற்றால் பயனில்லை. அவனுக்கு லாபம் கிண்ணத்தின் அகலத்திலும் கைப்பிடி இழுக்கும் கையின் அசட்டுத்தனத்திலும் இருக்கிறது. ஸ்ட்ராபெரிக்கும் ஜெல்லிக் கரடிக்கும் தயிருக்கும் ஒரே விலை என்பதால் சாமர்த்தியசாலி கனமில்லாத, விலையுயர்ந்த பொருளாகப் பார்த்துப் போட வேண்டும். நான் எடைமிக்கதும் மலிவானதுமான வெறும் தயிரை வழிய வழியப் பிடித்திருந்தேன். என் குறை இவ்வளவுதான்; கிண்ணத்தில் ஒரு கோடாவது போட்டுவைத்திருக்கலாம்.

பாதிக்குமேல் இறங்கவில்லை. பல் கூசியது. தூக்கிப்போடப் போன அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மூடி வாங்கிட்டு வாம்மா."

"எதுக்கு மாமா? கரைஞ்சிடும்."

"கரையட்டும். உறைக்கு ஆகும்."

அவள் பார்த்த பார்வையில், அம்மாவிடம் சொல்லிச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷம் இருந்தது. ஆனால் காரணத்தோடுதான் கேட்டேன். குளிர் இந்தக் கிருமிகளைத் தூங்கவைக்கும், எல்லாவற்றையும் கொல்லாது. முத்திரை, வழக்கு, பலகை எல்லாவற்றையும்விட எளிய சோதனை நம் வீட்டில் இருக்கிறது. உயிர் இருந்தால் பால் உறையும்.

வீட்டுக்கு வந்ததும் அரை லிட்டர் பால் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் கரைந்த ஃப்ரோயோவை இரண்டு கரண்டி விட்டுக் கலக்கி, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் எரியவிட்டேன். அந்த விளக்கின் வெதுவெதுப்பில்தான் அமெரிக்கக் குளிர்காலத்தில் பல தமிழ் வீடுகளின் தயிர் உறைகிறது.

காலை ஏழு மணிக்குத் திறந்து பார்த்தால் பால். அக்கா மகள் ஒன்றும் சொல்லாமல், சொல்லவேண்டிய எல்லாவற்றையும் முகத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். கொட்ட மனமில்லாமல் மூடிவைத்தேன். நேற்றும் இப்படித்தான் வாடை வரும்வரை காத்திருந்தேன் என்பது நினைவில் இருந்தது. பன்னிரண்டரைக்குப் பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்தேன். அசையவில்லை. இன்னும் சாய்த்தேன். ஓரத்தில் மெல்ல விலகி, நடுங்கி நின்றது.

கெட்டித் தயிர் என்று சொல்ல முடியாது. கரண்டியில் எடுத்தால் லேசாக இழுத்தது. வாயில் போட்டால் அடியில் எங்கோ வெனிலாவின் மணம். நல்லெண்ணெயில் ஊறிய எலுமிச்சை ஊறுகாயோடு சாதத்தில் பிசைந்தபோது அந்த மணம் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

படமெடுத்துத் திருச்சியில் அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே ராத்திரி பத்துமணி. உடனே கூப்பிட்டாள். பன்னிரண்டு டாலர் கதையைப் பெண் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நூல் விடுதா?"

"கொஞ்சம்."

"வாசனை?"

"வெனிலா."

"ஒரு கரண்டி எடுத்துத் தனியா வை. ராத்திரி அதையே ஊத்து, நாளைக்கும் அதுலேர்ந்து எடுத்து ஊத்து. மூணாவது நாள் வாசனை போயிடும்" என்றாள்.

சின்னக் கிண்ணம் ஒன்றும் கையில் அகப்படவில்லை. முதல் நாள் கடையில் சுவைபார்க்கத் தந்த காகிதக் குட்டிக் கிண்ணம் கோட்டுப் பையில் கசங்கிக் கிடந்தது. அலம்பி, ஒரு கரண்டி எடுத்து வைத்தேன்.